‘ஏன்?’ என்று கேட்காத பாப்பா



அண்மையில் கவிதை ஒப்புவிக்கும் போட்டி ஒன்றுக்கு நடுவராகச் சென்றிருந்தேன். ஈப்போ வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பதினேழு பேர் படிநிலை 1 பிரிவில் மேடையேறினர். வேட்டி கட்டிய சிறுவர்கள், பாவாடை சட்டை அணிந்த சிறுமிகள். ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னாலும் ஒரு தாயின் பல நாள் உழைப்பு இருந்தது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால், அந்தப் பதினேழு கவிதைகளையும் கேட்டு முடித்தபோது மனத்தில் ஏதோ இடறியது. காலையில் எழு என்றது ஒன்று. பெரியோரைப் பணி என்றது இன்னொன்று. பொய் பேசாதே, நேரத்தை வீணாக்காதே, தாய்மொழியை மறவாதே, நன்றாகப் படி என்றன மற்றவை. எல்லாம் நல்ல அறிவுரைகளே, ஐயமில்லை. அவற்றுள் ஒன்றிலாவது ஒரு குழந்தை வாய் திறந்து ‘ஏன்?’ என்று கேட்டதா? இல்லை! பதினேழு குழந்தைகள் பாடினார்கள். பதினேழு பெரியவர்கள்தாம் பேசினார்கள்.

இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் நிலாவை அழைக்கும் பாடலை ஒப்புவித்தான். முடித்து வணங்கி இறங்கியவன் தன் இருக்கைக்குப் போகாமல் நடுவர் மேசையருகே வந்து நின்றான்.

“சார், ஒன்னு கேக்கலாமா? நேத்து ராத்திரி சுங்கை சிப்புட்லேர்ந்து காடியில வந்தோம். மரமெல்லாம் பின்னால போயிருச்சு. நெலா மட்டும் எங்க கூடவே வந்துச்சு. ஏன் சார்?”

அடுத்த மாணவியின் பெயரை அறிவித்தாகிவிட்டது. “போய் உட்காருப்பா, அப்புறம் பேசலாம்” என்றேன். அந்த ‘அப்புறம்’ வரவேயில்லை. பரிசளிப்பு முடிந்ததும் அவன் பெற்றோருடன் கிளம்பிவிட்டான்.

என் கையில் இருந்த மதிப்பெண் தாளில் உச்சரிப்புக்கு ஒரு கட்டம் இருந்தது. குரல் வளத்துக்கு ஒரு கட்டம், பாவனைக்கு ஒரு கட்டம், மனனத்துக்கு ஒரு கட்டம் இருந்தன. அன்று அந்த மண்டபத்தில் ஒலித்தவற்றுள் கவிதைக்கு மிக அருகில் நின்றது அச்சிறுவனின் கேள்விதான். அதற்கு என் தாளில் கட்டமில்லை.

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். நம் கவிதை குழந்தையைக் கொஞ்சுகிறது. பிறகு குழந்தையை ஏவுகிறது. கொஞ்சலுக்கும் ஏவலுக்கும் நடுவே ஓயாமல் கேள்வி கேட்டுக்கொண்டு ஒரு குழந்தை நிற்கிறது. அந்தக் குழந்தைக்கு நம் பாட்டில் இடம் மிகக் குறைவு. அந்தக் குறையை வளர்ப்பவர்கள் கவிஞர்கள் மட்டுமல்லர். பாட்டைத் தேர்ந்தெடுக்கும் நாமும்தாம்.

ஆறு வினாக்களும் ஒரு வகுப்பறையும்

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலை நாம் அறிவோம். வினா ஆறு வகைப்படும் என்கிறது அந்நூல்: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. இவற்றைக் கற்பிக்கும்போது நாமெல்லாம் தரும் எடுத்துக்காட்டு என்ன? ஆசிரியர் விடையைத் தாம் தெரிந்து வைத்துக்கொண்டு மாணவனிடம் கேட்பது அறிவினா. மாணவன் தெரியாததைத் தெரிந்துகொள்ள ஆசிரியரிடம் கேட்பது அறியா வினா.

இப்போது நம் வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். ஒரு நாளில் அங்கே எழும் வினாக்களில் அறியா வினா எத்தனை? காலை முதல் மதியம் வரை நாம் கேட்கிறோம். அவர்கள் விடை சொல்கிறார்கள். விடை நமக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும்! வீட்டுக்குப் போனால் அங்கே ஏவல் வினா காத்திருக்கிறது: “வீட்டுப்பாடம் செஞ்சிட்டியா?” “குளிச்சிட்டியா?” கடைக்கு அனுப்பினால் கொளல் வினா. குழந்தைக்கே உரிய வினாவான அறியா வினா எங்கே வாழ்கிறது? வாகனத்தின் பின்னிருக்கையில், மேடையின் படிக்கட்டில், நாம் ‘அப்புறம்’ என்று சொல்லும் இடங்களில்!

2011இல் தொடக்கப்பள்ளிகளுக்கு கேஎஸ்எஸ்ஆர் கலைத்திட்டம் வந்தது. உயர்நிலைச் சிந்தனை என்ற சொல் ஒவ்வொரு பயிற்றியிலும் ஏறியது. நல்ல நோக்கம்தான். ஆயினும் அந்த உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகளைக் கேட்பவர் யார்? ஆசிரியர். அவற்றுக்கான விடைப்பட்டி யாரிடம் இருக்கிறது? ஆசிரியரிடம். அறிவினாவுக்கு உயரமான நாற்காலி போட்டோம், அவ்வளவுதான். அறியா வினா இன்னும் தரையில்தான் உட்கார்ந்திருக்கிறது.

இதே நன்னூல் மாணவனின் கடமைகளை வரிசைப்படுத்தும் இடத்தில், பாடத்தைப் போற்றுவது, கேட்டதை நினைப்பது ஆகியவற்றோடு வினாவுவதையும் பிறர் வினாவியதற்கு விடை தருவதையும் சேர்த்துச் சொல்கிறது. கேள்வி கேட்பதை மேலைநாட்டிலிருந்து இறக்குமதி செய்த பழக்கம் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும். ‘கேள்’ என்ற தமிழ் வினைச்சொல்லே இரண்டு பொருள் தருகிறது. காதால் கேட்பதும் கேட்டல். வாயால் கேட்பதும் கேட்டல். ஒரே வேர், இரண்டு கிளை. திருக்குறளில் கேள்வி என்னும் அதிகாரம் காதுக்கு உரியது. அதை மனனம் செய்ய வைக்கிறோம், மகிழ்ச்சி. வாய்க்கு உரிய கிளையை வெட்டியது யார்?

கொஞ்சிய கவிதையும் ஏவிய கவிதையும்

நம் கவிதை மரபு குழந்தையை அறியாத மரபு அன்று. புறநானூற்றின் 188ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாடியவர் பாண்டியன் அறிவுடை நம்பி. சாப்பாட்டு நேரத்தில் ஒரு குழந்தை தள்ளாடி நடந்து வருகிறது. நெய்ச்சோற்றில் கை விடுகிறது, தரையில் போடுகிறது, வாயில் வைக்கிறது, துழாவுகிறது, தன் உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறது. அரசனாகிய கவிஞர் அதைக் கண்டிக்கவில்லை. ‘சோற்றை வீணாக்காதே’ என்று ஓர் அறிவுரை சேர்க்கவில்லை. இத்தகைய பிள்ளைகள் இல்லாதவர்க்கு வாழ்நாளால் பயனில்லை என்கிறார். அந்தக் குழந்தை செய்வது என்ன? இது என்ன, இது சுடுமா, இது ஒட்டுமா என்று கையாலேயே கேட்கிறது. பேச்சு வராத குழந்தையின் அறியா வினா அது. ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய தமிழ்க் கவிஞருக்கு அது அழகாகத் தெரிந்தது!

பிறகு பிள்ளைத்தமிழ் வந்தது. காப்பு, செங்கீரை, தாலம், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர் என ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவங்கள். குழந்தை தவழும், கை கொட்டும், முத்தம் தரும், மணல்வீட்டை உதைக்கும், தேர் உருட்டும். எவ்வளவு நுணுக்கமான பார்வை! ஆனால், வினாப் பருவம் என்று ஒன்று அங்கே இல்லை. பாட்டியல் நூல்கள் சொல்லும் ஒரு கணக்குப்படி மூன்றாம் மாதத்தில் தொடங்கும் அப்பருவங்கள் இருபத்தொன்றாம் மாதத்தோடு முடிகின்றன. குழந்தை வாய் திறந்து ‘ஏன்?’ என்று கேட்கத் தொடங்கும் வேளையில் புலவர் ஏட்டைக் கட்டிக்கொண்டு எழுந்து போய்விடுகிறார்!

அவர் விட்ட இடத்தில் குழந்தையைக் கையேற்பது எது? ஆத்திசூடி. ‘செய்’ என்றும் ‘செய்யாதே’ என்றும் சொல்லும் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தொடர்கள். அதன்பின் கொன்றை வேந்தன். அதன்பின் உலகநீதி. பாரதியின் பாப்பா பாட்டைக்கூட எண்ணிப் பாருங்கள். அது அடிமைப் பிள்ளையை வளர்க்கும் பாட்டு அன்று; அநீதி செய்வோரைக் கண்டு அஞ்சாதே என்று பாப்பாவுக்குத் துணிவூட்டும் பாட்டு. ஆயினும் அங்கும் பேசுபவர் பாரதி, கேட்பவள் பாப்பா. பாப்பா திருப்பி ஒரு வார்த்தை பேசவில்லை.

சினம் கொள்ள வேண்டாம். ஆத்திசூடியைத் தூக்கி எறியச் சொல்லும் அறிவிலி அல்லன் நான். என் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் அதைக் கற்பிப்பவன்தான். நான் கேட்பது வேறு. ஔவையைப் பற்றி நம் மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை எது? நாவல் மரத்தின் மேல் ஒரு மாட்டுக்காரச் சிறுவன். கீழே களைத்து வந்த பெரும்புலவர். “சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா?” என்று சிறுவன் கேட்டான். உலகுக்கெல்லாம் அறிவுரை சொன்ன கிழவி அந்தக் கேள்வியில் தோற்றார், தோற்றதை ஒப்புக்கொண்டார். ஔவை என்ற பெயரில் புலவர் பலர் இருந்தனர் என்பார்கள் ஆய்வாளர்கள். இருக்கட்டும். மக்கள் மனத்தில் ஔவை ஒருவரே. அந்த ஒருவரின் கட்டளைகளை மட்டும் பாடநூலுக்குள் சேர்த்து, அவரை மடக்கிய சிறுவனை வெளியே நிறுத்திவிட்டோமே, இது முறையா?

பிரணவத்தின் பொருள் என்ன என்று பிரமனைக் கேட்டதும் ஒரு சிறுவன்தான் என்கிறது நம் புராணம். விடை தெரியாத பெரியவருக்குச் சிறை; விடை சொன்ன பிள்ளையின் முன் தகப்பன் பணிந்து நின்றார். தைப்பூசத்தன்று ஈப்போ குனோங் சீரோவில் அந்தத் தகப்பன்சாமிக்குத்தான் காவடி எடுக்கிறோம். வீட்டுக்குத் திரும்பும் வழியில் நம் பிள்ளை, “அலகு குத்துனா ஏன்பா ரத்தம் வரல?” என்று கேட்டால், “சாமி விசயத்துல கேள்வி கேக்காதே” என்று வாயை அடைக்கிறோம்!

பெரட்டில் கற்ற மௌனம்

இந்த அடைப்பு எங்கிருந்து வந்தது? பழியை எல்லாம் கவிதை மேல் போடுவது நேர்மையாகாது. நான் தோட்டத்தில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவியவர்கள். ஆயாக்கொட்டகையில் வளர்ந்து, தோட்டத்துப் பள்ளியில் படித்தவன். ஒருநாள் மங்கில் பால் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே, “அப்பா, மரத்துக்கு வலிக்குமா?” என்று கேட்டேன். “பேசாம ஒட்டுப்பாலை எடு” என்றார். மறுபடியும் கேட்டேன். “எதிர்க்கேள்வி கேக்காதே” என்றார்.

‘எதிர்க்கேள்வி.’ இந்தச் சொல்லை எண்ணிப் பாருங்கள். குழந்தை எவரையும் எதிர்க்கவில்லை. மரத்தைப் பற்றிக் கேட்டது. ஆனால் அப்பாவின் உலகில் கேள்வி என்றாலே எதிர்ப்புத்தான். விடியற்காலைப் பெரட்டில் தண்டலிடம் ‘ஏன்’ என்று கேட்டவனுக்கு அன்று மேட்டுக்காட்டு நிரை கிடைக்கும். அல்லது வேலையே கிடைக்காது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளுள் ஒன்று என்ன தெரியுமா? துரையையும் கிராணியையும் கண்டால் மிதிவண்டியைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. அந்த வேலைநிறுத்தத்தைத் துப்பாக்கி கொண்டு அடக்கினார்கள். ‘ஏன் இறங்க வேண்டும்?’ என்ற ஒரு கேள்வியின் விலை அவ்வளவு.

தோட்டப் பள்ளிகளின் பிறப்பும் அதே மண்ணில்தான். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். தொடக்க காலத்தில் கங்காணியும் கிராணியும்கூட அங்கே ஆசிரியராக நின்றதுண்டு. பெரட்டில் ஆள் எண்ணியவரே வகுப்பில் பிள்ளைகளை எண்ணினார். அங்கே ஏவல் பாட்டுக்குப் பஞ்சம் இருக்குமா?

ஆகவே என் அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். “வாயை மூடு” என்று அவர் சொன்னது என்னைக் காப்பதற்காக. அது அன்புதான், அச்சத்தின் உடையை அணிந்த அன்பு. என் கேள்வி இதுதான்: தோட்டம் போய்விட்டது, செம்பனை வந்தது, வீடமைப்பு வந்தது, துரை போனார், தண்டல் போனார், பெரட்டுக்களம் புல் மண்டிப் போனது. “எதிர்க்கேள்வி கேக்காதே” மட்டும் ஏன் நம்மோடு ஈப்போ அடுக்ககத்துக்குக் குடிவந்தது? அதை ஏன் இன்னும் நாம் ‘அடக்கம்’ என்றும் ‘பண்பு’ என்றும் பெயரிட்டு, பாட்டாக்கி, பிள்ளையின் வாயில் ஊட்டுகிறோம்?

கடம்ப மரத்தில் சிக்கிய நிலா

கேட்கும் குழந்தையைக் கவிதையில் எப்படி வைப்பது என்று ஐயுறுவோர்க்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் தருகிறேன்.

1903இல் வெளிவந்த ‘சிசு’ என்ற தாகூரின் வங்கக் கவிதைத் தொகுப்பில் பேசுவது பெரும்பாலும் குழந்தையே. 1913இல் அவற்றுள் பலவற்றைத் தாகூரே ஆங்கிலத்தில் ‘பிறைநிலா’ என்னும் பொருள்படும் தலைப்பில் தந்தார். அதில் ஒரு கவிதை: மாலையில் முழுநிலா கடம்ப மரக் கிளைகளில் சிக்கிக்கொள்ளும்போது அதைப் பிடிக்க முடியாதா என்று தம்பி கேட்கிறான். பள்ளிக்குப் போகும் அண்ணன் சிரிக்கிறான். நீ ஒரு மடையன், நிலா எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்கிறான். தம்பி விடவில்லை. அம்மா சன்னலில் நின்று நம்மைப் பார்த்துச் சிரிக்கும்போது அம்மா தூரத்திலா இருக்கிறாள் என்று மடக்குகிறான். அவ்வளவு பெரிய நிலாவைப் பிடிக்க வலை ஏது என்கிறான் அண்ணன். கையாலேயே பிடிக்கலாமே என்கிறான் தம்பி. நிலா அருகில் வந்தால் எவ்வளவு பெரிதாக இருக்கும் தெரியுமா என்கிறான் அண்ணன். முத்தமிட அம்மா குனியும்போது அவள் முகம் பெரிதாகவா தெரிகிறது, உன் பள்ளியில் என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்று கேட்கிறான் தம்பி!

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வானியல்படி அண்ணன் சொல்வதே சரி. தாகூருக்கும் அது தெரியும். ஆனால் கவிதை தம்பியின் பக்கம் நிற்கிறது. தம்பி தன்னிடமிருந்த ஒரே அளவுகோலால், தாயின் முகத்தால், வானத்தை அளக்கிறான். அண்ணனுக்கு விடை தெரியும், அளக்கத் தெரியாது. நம் பள்ளிகள் யாரை உருவாக்கிக்கொண்டிருக்கின்றன, அண்ணனையா தம்பியையா?

இரண்டாவது, பம்பாயில் பிறந்த ஆங்கிலேயர் ரட்யார்ட் கிப்ளிங் 1902இல் வெளியிட்ட கதைத்தொகுப்பில் வரும் யானைக்குட்டியின் கதை. எதைக் கண்டாலும் கேள்வி கேட்கும் அந்தக் குட்டியை மாமன், அத்தை, சித்தப்பன் என்று எல்லா உறவினரும் அடிக்கிறார்கள். கடைசியில் முதலையிடம் கேட்கப் போய், மூக்கு இழுபட்டுத் தும்பிக்கையாகி, அதுவே அதன் வலிமையாகிறது. கதையின் இறுதியில் ஒரு பாட்டு. என்ன, ஏன், எப்போது, எப்படி, எங்கே, யார் என்று தமக்கு ஆறு வேலையாட்கள் உண்டு என்கிறார் கவிஞர். ஆனால் அலுவல் நேரத்தில் அவர்களுக்கு ஓய்வு தந்துவிடுகிறாராம். அவருக்குத் தெரிந்த ஒரு சிறுமிக்கோ அத்தகைய வேலையாட்கள் ஒரு கோடி, ஓய்வே கிடையாது, அவர்களுள் எழுபது இலட்சம் பேர் ‘ஏன்’கள்! கிப்ளிங் பேரரசின் புகழ் பாடியவர். அவருடைய அரசியல் நமக்கு வேண்டாம். ஆனால் பெரியவர்கள் அலுவல் நேரத்தில் கேள்விக்கு ஓய்வு கொடுத்துவிடுகிறார்கள் என்ற உண்மையை அவர் ஒளிக்கவில்லை. நம் பள்ளிகளில் அந்த ஓய்வு நேரம் காலை மணி 7.30 முதல் பிற்பகல் மணி 1 வரை!

எழுதப்படாத பேராக் கவிதைகள்

நம் மண்ணில் கேள்விக்குப் பஞ்சமா? கோலகங்சாரில் 1877இல் நடப்பட்ட ரப்பர் மரம் ஒன்று நிற்கிறது. கொண்டுவரப்பட்டது ஒன்பது கன்றுகள், எஞ்சியது இம்மரம். அதன் முன்னால் ஒரு தமிழ்க் குழந்தையை நிறுத்துங்கள். “இது மொதல்ல வந்துச்சா, நம்ம பூட்டன் மொதல்ல வந்தாரா?” என்று கேட்கும். ஒரு நூற்றாண்டு வரலாறு அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

பத்து காஜாவுக்கு அருகே கெல்லி கோட்டை. வில்லியம் கெல்லி சுமித் என்ற தோட்ட முதலாளி 1915இல் கட்டத் தொடங்கி, 1926இல் அவர் இறந்ததால் முற்றுப்பெறாமல் நின்ற மாளிகை. கட்டியவர்களுள் தமிழ்த் தொழிலாளர்கள் பலர். கொள்ளைக் காய்ச்சலில் தொழிலாளர்கள் மடிந்தபோது மாரியம்மன் கோயில் கட்ட அவர் உதவினார் என்பர். அக்கோயிலின் மேல் தெய்வச் சிலைகளுக்கிடையே சட்டை அணிந்த அந்த வெள்ளைக்காரரின் உருவமும் நிற்கிறது. கல்விச் சுற்றுலாவின்போது என் மாணவி ஒருத்தி கேட்டாள்: “சாமிக்குப் பக்கத்துல தொரை ஏன் சார் நிக்கிறாரு? செத்துப்போன நம்ம ஆளுங்க ஏன் நிக்கல?”

பேருந்து புறப்படும் நேரம். “வரிசையில் நில்” என்றேன். இதுவும் என் குற்றப் பட்டியலில் உண்டு. மலேசியத் தமிழ்க் கவிதையின் ஒரு நூற்றாண்டை, 1887 முதல் 1987 வரை, அரும்பாடுபட்டுத் திரட்டிக் களஞ்சியமாக 1997இல் தந்தார் முரசு நெடுமாறன். அவரே குழந்தைகளுக்காகப் பாட்டெழுதிய ஆசிரியர். அந்த நூற்றாண்டில் தோட்டத்துக் கண்ணீரும் தமிழுணர்வும் கவிதையாயின. இனி வரும் நூற்றாண்டுக்கு அந்தச் சிறுமியின் கேள்வி போன்ற ஒன்று வேண்டாமா?

“இதெல்லாம் நடக்கிற காரியமா?”

சில ஆசிரிய நண்பர்களின் மறுப்புகள் என் காதில் விழுகின்றன.

“கேள்வி கேட்க விட்டால் அடக்கம் போய்விடும்” என்பது முதலாவது. அடக்கம் வேறு, ஊமைத்தனம் வேறு. ‘கேக்கலாமா சார்’ என்று இசைவு பெற்றுக் கேட்ட அந்தச் சிறுவனிடம் இருந்த அடக்கம், பதில் சொல்லாமல் அனுப்பிய என்னிடம் இல்லை.

“நேரமில்லை; தேர்வு இருக்கிறது” என்பது இரண்டாவது. யுபிஎஸ்ஆர் தேர்வை நாம் எல்லாரும் திட்டினோம். 2021இல் அது அகற்றப்பட்டது. வகுப்பறையில் பிள்ளை பேசத் தொடங்கிவிட்டதா? தேர்வு போனபின்னும் மௌனம் நீடிக்கிறது என்றால், குற்றவாளி தேர்வு மட்டும் அன்று.

“கவிதை என்ன அறிவியல் பாடமா?” என்பது மூன்றாவது. நல்ல கேள்வி. அறிவியல் விடையைத் தேடுகிறது. கவிதை கேள்வியை உயிரோடு வைத்திருக்கிறது. விடை கிடைத்தபின்னும் வியப்பு வாடாமல் காப்பது கவிதையின் வேலை. இரண்டும் ஒரே குழந்தைக்கு வேண்டும்.

நிற்க. குறை சொல்வதோடு நின்றால் நானும் ஏவல் கவிஞனே. என் வகுப்பில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கவிதைப் பாடத்தில் எந்தப் பாட்டையும் தரவில்லை. ஆளுக்கு ஒரு துண்டுத்தாள் கொடுத்து, “எனக்கு விடை தெரியாத ஒரு கேள்வியை எழுதுங்கள்” என்றேன். முதலில் திகைத்தார்கள். “தப்பா எழுதினா அடிப்பீங்களா சார்?” என்று ஒருவன் கேட்டான். பிறகு எழுதினார்கள். வந்தவற்றுள் ஐந்தை ஒரு சொல்லும் கூட்டாமல், எழுத்துப்பிழையை மட்டும் நீக்கி, ஒன்றன்கீழ் ஒன்றாகக் கரும்பலகையில் எழுதினேன்:

ரப்பர் மரத்துக்கு வலிக்குமா?
வலித்தால் ஏன் கத்தவில்லை?
தோட்டம்தான் இல்லையே, நம் பள்ளிக்கு ஏன் தோட்டத்துப் பெயர்?
தாத்தா வேலைக்குப் போவதில்லை. ஏன் நாலு மணிக்கு எழுந்து மழை வருமா என்று பார்க்கிறார்?
குகைக்குள் சொட்டும் தண்ணீரை யார் எண்ணுகிறார்கள்?

வகுப்பு அமைதியானது. ஏவி வந்த அமைதி அன்று. விடுதலையின்போது 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530ஐ ஒட்டி நிற்பதைப் பற்றி எத்தனையோ கூட்டங்களில் உரை கேட்டிருக்கிறேன். மூன்றாம் வரியில் அந்தப் பிள்ளை கேட்டதைப் போல எந்த உரையும் என்னைத் தைத்ததில்லை.

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் என் வேண்டுகோள் நான்கே:

1. கவிதையை விளக்குவதற்கு முன் அதைப் பற்றிப் பிள்ளைகள் கேட்கும் மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். விளக்கம் அதன்பிறகு வரட்டும்.

2. கவிதைப் போட்டி நடத்துவோரே, ஒப்புவித்த பாட்டைப் பற்றி மாணவர் நடுவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று விதி வகுத்து, அதற்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள். மனனத்தின் மதிப்பெண்ணில் கொஞ்சம் குறைந்தால் தமிழ் அழிந்துவிடாது.

3. கவிஞர்களே, குழந்தைக்காக எழுதும்போது ஒரு முறையாவது குழந்தையைப் பேச விடுங்கள். இறுதியில் அறிவுரை வைக்காமல் முடித்துப் பாருங்கள்.

4. பெற்றோர்களே, “தெரியலப்பா, வா தேடிப் பார்ப்போம்” என்று சொல்லிப் பழகுங்கள். அப்படிச் சொன்னதால் மானம் போன தகப்பன் எவரும் இல்லை. தகப்பன்சாமியின் தகப்பனே பணிந்து கேட்டவர்தாமே!

நிறைவாக, அந்த இரண்டாம் ஆண்டுச் சிறுவனின் பெற்றோர் இந்தப் பதிவைப் படிக்க நேர்ந்தால், அவனிடம் இதைச் சொல்லுங்கள்:

தம்பி, நிலா நம்மிடமிருந்து ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. சாலையோர மரம் சில அடி தூரத்தில் இருப்பதால், வண்டி நகர்ந்ததும் அது பின்னால் போய்விடுகிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ வரை நீ கடந்த தூரம் நிலாவின் தொலைவுக்கு முன் ஒன்றுமேயில்லை. எனவே நீ நகர்ந்தாலும் அது இருக்கும் திசை மாறுவதில்லை. அது உன்னோடு வருவதுபோல் உனக்குத் தோன்றுகிறது. அதே வேளையில் தஞ்சோங் ரம்புத்தானில் வண்டியில் போன இன்னொரு பிள்ளையோடும் அது போய்க்கொண்டுதான் இருந்தது.

மரத்துக்கு வலிக்குமா என்று அந்நாளில் நான் கேட்டதற்கும் இப்போது விடை தெரியும். மரத்துக்கு நரம்பு இல்லை. நம்மைப்போல் அதற்கு வலி தெரியாது. பட்டையில் காயம் பட்டால் பால் கசிந்து, உறைந்து, அந்தக் காயத்தை மூடும். இதை அப்பாவிடம் சொல்ல நினைத்தபோது அவர் இல்லை.

நீ கேட்டபோது ‘அப்புறம்’ என்றேன். என்னைப் பொறுத்துக்கொள். அடுத்த முறை என்னைப் பார்த்தால் அடுத்த கேள்வியோடு வா.

அன்புடன்,
உங்களைப் போன்ற ஓர் ஆசிரியன்